சூஃபிக் கலைக்கு இணையக் கண்காட்சி: அறைப் பிரிப்பு, படமெடுப்பு, ஒலி, குறிப்பு எழுதுதல்

கண்ணாடிப்பேழை எழுதியது:

வணக்கம். சூஃபி மரபுப் பொருள்களை வைத்து இணையத்தில் ஒரு கண்காட்சி அமைப்பதற்கான வரைவு தயாராகிறது. ஏறத்தாழ 60 பொருள்கள்: ஓவியச் சுவடி ஏடுகள், எழுத்தணிப் (அழகெழுத்துப்) பலகைகள், கச்கோல் (தர்வேஷ்கள் எனும் சூஃபித் துறவிகளின் இரப்புப் பாத்திரம்), தபர்ஜீன் கோடரி, மெவ்லவிகளின் (கவிஞர் ரூமி வழிவந்த சூஃபிகளின்) உயரத் தொப்பி, 'நெய்' எனப்படும் நாணல் குழல், கொஞ்சம் பழைய புகைப்படங்கள், சில ஒலிப்பதிவுகள்.

ஐந்து அறைகள் யோசித்திருக்கிறோம்: காதல், தேடல், ஒருமை, இசை, மறைவு. முகப்பில் சுழலும் தர்வேஷ் காணொளி, பக்கம் திறந்ததும் மெல்லிய பின்னணி இசை. அறைப் பிரிப்பு சரியா, படம் என்ன அளவில் எடுக்க வேண்டும், குறிப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம், இந்த வகைப் பொருள்களில் வழக்கமாக எங்கே சறுக்கும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மைக்கூடு எழுதியது:

முதலில் அறைகளை மாற்றுங்கள். 'காதல்' அறையில் 15ஆம் நூற்றாண்டு ஹெராத் (இன்றைய ஆப்கானிஸ்தான்) ஏடு, 19ஆம் நூற்றாண்டு ஈரானியக் கச்கோல், செனகலின் கண்ணாடி ஓவியம் மூன்றையும் வரிசையாக வைத்தால், பார்ப்பவர் எதையும் தெரிந்துகொள்ளாமல் மனம் உருகிவிட்டுப் போவார். சூஃபி மரபு தரீக்காக்களாக (குருவழிப் பிரிவுகளாக) பிரிந்து வாழ்வது. மெவ்லவி, பெக்தாஷி, சிஷ்தி, காதிரி, முரீதிய்யா ஒவ்வொன்றுக்கும் உடை வேறு, ஓதல் வேறு, இசையைப் பற்றிய நிலைப்பாடே வேறு. நக்‌ஷபந்திகளில் பலர் மனத்துக்குள் ஓதும் திக்ரையே (இறைநினைவு ஓதலையே) முதன்மையாகக் கொள்பவர்கள். அவர்களையும் சிஷ்திகளின் கவ்வாலிப் பாடலையும் 'இசை' என்ற ஒரே பலகையின் கீழ் நிறுத்த முடியாது.

பொருளைக் கையில் வைத்திருந்தவர் என்ன செய்தார் என்பதை வைத்துப் பிரியுங்கள். பயணமும் இரத்தலும் (கச்கோல், தபர்ஜீன், தோல் விரிப்பு). உடையும் ஏற்பும் (கிர்கா எனும் அங்கி, தாஜ் எனும் தொப்பி, மெவ்லவிகளின் உயரத் தொப்பியான சிக்கே). ஓதலும் கேட்டலும். எழுத்தும் வாசிப்பும். அடக்கத்தலமும் ஆண்டு விழாவும். இப்படி வைத்தால் ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு வினைச்சொல் தானாகவே வந்து உட்காரும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். மீதரவில் (பொருளைப் பற்றிய விவரப் பதிவில்) ஒரு புலத்தைக் கட்டாயமாக்குங்கள்: இது சூஃபிகள் செய்ததா, சூஃபிகள் பயன்படுத்தியதா, சூஃபிகளைப் பற்றிப் பிறர் ஆக்கியதா? வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் முகலாய ஓவியர் பிசித்ர் வரைந்த பேரரசர் ஜஹாங்கீர் ஓவியம் இருக்கிறது. அரசர்களை விட்டுவிட்டு ஒரு ஷேக்குக்குப் பேரரசர் நூல் கொடுக்கும் காட்சி. கீழே ஆட்டோமான் சுல்தான், இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ், கூடவே ஓவியரும் நிற்கிறார்கள். அது அரசவை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட சொல். அதைச் 'சூஃபிக் கலை' என்று மட்டும் எழுதிவிட்டால் படம் எதற்காக வரையப்பட்டது என்பதே போய்விடும். 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களுக்கும் இதே கேள்விதான். தெஹ்ரானில் அந்துவான் செவ்ருகின் போன்றவர்கள் எடுத்த தர்வேஷ் படங்களில் பல, விற்பனைக்காக நிறுத்தி எடுத்தவை. திரையும் தரைவிரிப்பும் தெரிகிறதா என்று பார்த்து 'ஒளிப்பட நிலையத்தில் நிறுத்தி எடுத்தது' என்று குறிப்பிடுங்கள்.

கண்ணாடிப்பேழை எழுதியது:

அந்த மூன்று வகைப் புலம் நல்ல யோசனை, சேர்த்துவிடுகிறோம். ஆனால் ஒரு பொருள் இரண்டு வகையிலும் வந்தால்?

மைக்கூடு எழுதியது:

வரும். அப்போது ஒவ்வொரு வகைக்கும் தனித் தேதி கொடுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள பாரசீகக் கவிஞர் அத்தாரின் பறவைகள் காவியச் சுவடியை எடுத்துக்கொள்ளுங்கள். சுல்தான் அலி மஷ்ஹதி ஹெராத்தில் எழுதி முடித்தது ஹிஜ்ரி 892, அதாவது 1487. ஓவியங்களில் நான்கு ஏறத்தாழ 1600இல் ஈரானின் சஃபவி அரசவையில் சேர்க்கப்பட்டவை. பறவைகள் எல்லாம் கூடும் புகழ்பெற்ற ஏடு ஹபீபுல்லாஹ் வரைந்தது. அதாவது எழுத்துக்கும் அந்த ஓவியத்துக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல். பிறகு ஷா அப்பாஸ் சுவடியை அர்தபீலில் உள்ள ஷேக் சஃபியுத்தீன் அடக்கத்தலத்துக்கு வக்ஃபாகக் கொடுத்தார். ஒரே பொருளுக்கு எழுதிய தேதி, வரைந்த தேதி, வக்ஃபு தேதி என மூன்று. ஒற்றைத் தேதிப் பெட்டி வைத்த மென்பொருளில் இந்தக் கதை நுழையவே நுழையாது.

ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் இரண்டு கிரிகோரியன் ஆண்டுகளில் பரவும் என்பதையும் மறக்காதீர்கள். அப்படிப் பரவினால், மாதம் தெரிந்தால்தான் ஒற்றை ஆண்டு எழுதலாம். துருக்கியின் கோன்யாவில் உள்ள, ரூமியின் மஸ்னவி காவியத்தின் மிகப் பழைய சுவடி ரஜப் 677. ரஜப் ஏழாவது மாதம் என்பதால் 1278 என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. மாதம் தெரியாத 677 என்றால் 1278–79 என்றுதான் போட வேண்டும்.

ரூமி பெயரில் சுற்றும் மேற்கோள்கள் பற்றியும் கண்டிப்பாக இருங்கள். மஸ்னவி ஆறு பாகம், ஏறத்தாழ 25,000 ஈரடிகள். நிக்கல்சன் பதிப்பின் பாக எண், ஈரடி எண் இல்லாமல் ஒரு வரியையும் சுவரில் ஏற்றாதீர்கள். 'யாராயினும் வா' என்று தொடங்கும் புகழ்பெற்ற வரிகள் அவர் காலத்துக்கு முன்பே முந்தைய சூஃபியான அபூ சயீத் அபுல் கைர் பெயரில் வழங்கிவந்தவை.

பித்தளைவேர் எழுதியது:

படமெடுப்பைப் பற்றி நான் சொல்கிறேன். இங்குதான் பணமும் நேரமும் வீணாகும்.

சுவடி ஏடுகள்: 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), உண்மை அளவில். 20×30 செ.மீ. ஏட்டுக்கு 3150×4724 புள்ளிகள் வரும். 24 பிட் டிஃப் கோப்பு 45 எம்பி, 48 பிட் என்றால் 90 எம்பி. முடியளவு கோடுகள் உள்ள ஓவியங்களுக்கு மட்டும் 600. ஒவ்வொரு படத்திலும் நிற அட்டையும் அளவுகோலும் இருக்கட்டும். பார்வைப் படியில் வெட்டிவிடலாம், மூலத்தில் வெட்டக் கூடாது. நூலை 180 பாகைக்கு விரிக்காதீர்கள். 90 முதல் 120 பாகைத் தொட்டிலில் வைத்து ஒரு பக்க ஏடுகளை முழுவதும் எடுத்துவிட்டு, பிறகு மறுபக்க ஏடுகளை எடுங்கள். எழுத்துப் பகுதியைச் சுற்றிப் பச்சைக் கட்டம் இருந்தால் அந்தச் செம்புப் பச்சை காகிதத்தைத் தின்றிருக்கும். அந்தக் கோட்டில் ஏடு மடங்கினால் நடுப்பகுதி தனியே பெயர்ந்துவிடும்.

பொன் பூச்சுதான் பெரிய சிக்கல். இருபுறமும் 45 பாகையில் விளக்கு வைக்கும் வழக்கமான முறையில் பொன் ஒளியை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும், கேமராவுக்கு வராது. படத்தில் பொன் கடுகுப் பழுப்பாகத் தெரியும். அதற்காக நிறத்தைக் கணினியில் ஏற்றாதீர்கள், மற்ற நிறங்கள் எல்லாம் கெடும். ஏட்டை அசைக்காமல் இரண்டாவது படம் எடுங்கள். லென்சுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து, அதன் பிரதிபலிப்பு பொன்னில் விழும்படி செய்தால் போதும். இரண்டையும் கலக்காமல், பார்ப்பவரே மாற்றிப் பார்க்கும்படி வையுங்கள்.

ஓடைகளும் நீர்நிலைகளும் கரும்பழுப்பாக இருந்தால் அது அழுக்கு இல்லை, கறுத்துப்போன வெள்ளி. அதைச் சரிசெய்துவிடாதீர்கள். குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள்.

கச்கோல் இரண்டு வகை. ஒன்று கடல் தேங்காய் ஓட்டில் செதுக்கியது. செஷல்ஸ் தீவுகளில் மட்டும் விளையும் இரட்டைத் தேங்காய், கடலில் மிதந்து கரை ஒதுங்கியவை. மற்றது பித்தளை அல்லது எஃகில் படகு வடிவில் செய்தது. இரண்டையும் ஒரே முறையில் எடுக்க முடியாது.

ஓட்டு வகை கறுத்து மினுங்கும். விளக்குகளின் மேல் துருவத் தாள், லென்சில் அதற்குக் குறுக்காகத் துருவ வடிகட்டி வைத்தால் மினுக்கம் போய்ச் செதுக்கு தெளிவாக வரும். 3டி மாதிரிக்கும் இதுவே வழி: 150 முதல் 250 படம், அடுத்தடுத்த படங்களுக்கிடையே 70 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, லென்ஸ் துளை எஃப்8 முதல் எஃப்11, ஐஎஸ்ஓ 100. நேராக ஒரு சுற்று வரிசை, கவிழ்த்து ஒரு சுற்று வரிசை. சங்கிலியைக் கழற்ற முடியாது என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் அசையாமல் வைத்து, கணினியில் மறைத்துவிட்டு, சங்கிலியைத் தனிப் படமாகக் காட்டுங்கள். ஒரு கண்ணி நகர்ந்தாலும் மாதிரியில் பஞ்சு போல் தூசி கிளம்பும்.

உலோக வகையில் இந்தத் துருவ முறை பலிக்காது. உலோகப் பரப்பு ஒளியின் துருவநிலையை மாற்றாமலே திருப்பி அனுப்பும், வடிகட்டி முழுவதையும் தடுத்துவிடும், பித்தளை கரித்துண்டு போல வரும். அதற்கு வெள்ளைத் துணிக் கூடாரத்துக்குள் பரந்த ஒளி. பொறிப்பு எழுத்துகளை வாசிக்க ஆர்டிஐ (ஒளித்திசையை மாற்றி எடுக்கும்) முறை: கேமரா நிலையாக, விளக்கு மட்டும் 40 முதல் 60 இடங்களில், சட்டகத்தின் ஓரத்தில் இரண்டு கறுப்புக் கண்ணாடிக் கோலிகள். 3டிக்காக மினுக்கத்தைக் கொல்லும் பொடியைத் தெளிக்கச் சொல்லும் காணொளிகள் இணையத்தில் நிறைய உண்டு. பொறிப்பின் பள்ளத்தில் அது தங்கும். அருங்காட்சியகப் பொருளில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

மைக்கூடு எழுதியது:

கச்கோல் குறிப்புக்கு ஒரு சேர்க்கை: செதுக்கு கூர்மையாக, பிடிக்குமிடம் தேயாமல் இருந்தால் 'தெருவில் இரந்த பாத்திரம்' என்று எழுதாதீர்கள். துறவின் அடையாளமாக வைத்திருக்கச் செய்த அலங்காரப் பாத்திரங்களும் உண்டு. தேய்மானம் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள், முடிவு வாசகருக்கே தெரியும்.

நாணல்குழல் எழுதியது:

பின்னணி இசையை எடுத்துவிடுங்கள். உலாவிகள் ஒலியோடு தானாக ஓடுவதை எப்படியும் தடுக்கின்றன என்பது ஒருபுறம். ஸமா என்றாலே 'கேட்டல்'தான். கேட்பதற்கென்று உட்காரும் மரபின் ஒலியைச் சுவர்த்தாளாக ஒட்டுவது அந்த மரபையே தலைகீழாக்குவது. எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

முகப்புக் காணொளியைப் பற்றி: சுழல் மெவ்லவிகளின் ஸமாச் சடங்குக்கு உரியது, எல்லாத் தரீக்காக்களுக்கும் முகம் இல்லை. அதிலும் சுழல் ஒரு பகுதி மட்டுமே. நபியைப் புகழும் நஅத் முதலில், பிறகு நெய் தனி வாசிப்பு, பிறகு ஒருவரையொருவர் வணங்கியபடி மூன்று முறை வலம் வரும் சுல்தான் வலத் நடை, அதன் பிறகுதான் கறுப்பு மேலங்கியைக் களைந்து ஸலாம் எனும் நான்கு சுழல் பகுதிகள், கடைசியில் குர்ஆன் ஓதல். தொப்பி கல்லறைக் கல்லையும் வெள்ளை உடை கஃபனையும் (சவத்துணியையும்) குறிக்கும் என்ற விளக்கம் அந்த வரிசையில்தான் புரியும். பத்து நொடிச் சுழலில் பாவாடை விரிவது மட்டும்தான் தெரியும்.

வரலாற்றையும் சொல்லுங்கள். துருக்கியில் 1925இன் 677ஆம் எண் சட்டம் தெக்கேக்களை (சூஃபி மடங்களை) மூடியது. கோன்யாவில் ரூமியின் அடக்கத்தலம் 1927இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 1950களில் ஸமா பொது நிகழ்ச்சியாகத் திரும்பியது. யுனெஸ்கோ பட்டியலில் 2008 முதல் இருக்கிறது. ஆகவே உங்கள் காணொளி சடங்கா, மேடை நிகழ்ச்சியா, பயணிகளுக்காகச் சுருக்கியதா என்று எழுதாமல் வைப்பது தேதியில்லாத சுவடியை வைப்பது போல.

கவ்வாலியை மூன்று நிமிடத் துண்டாக வெட்டாதீர்கள். சபையில் ஒருவர் ஓர் அடியில் உருகினால் பாடகர் அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். அந்தத் திரும்பல்தான் கலை. துண்டில் அது குறைபாடாகக் கேட்கும். முழுப் பதிவை வைத்து, வேண்டிய இடத்துக்குத் தாவ நேரக்குறி கொடுங்கள். பாடல் வரிகளை மூல எழுத்து, ஒலிபெயர்ப்பு, பொருள் என மூன்று தடங்களாக வெப்விடிடி (நேரக்குறியுள்ள வசன வரி) கோப்பில் வைக்கலாம். ஆர்மோனியம் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. கவிஞர் அமீர் குஸ்ரோ (1253–1325) பகுதியில் ஆர்மோனியப் படம் போடாதீர்கள்.

நெய் குழலை முன்பக்கம் மட்டும் எடுத்தால் பாதிப் பொருள்தான். துருக்கி நெய்யில் ஒன்பது கணுப்பகுதி, முன்னே ஆறு துளை, பின்னே ஒன்று, மேலே பஷ்பாரே எனும் வாய்முனை. முன், பின், வாய்முனை என மூன்று படமும் துல்லியமான நீளமும் வேண்டும். நீளம் தெரிந்தால்தான் சுருதி தெரியும்.

ஒலி மூலக்கோப்பு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். மூலத்தில் இரைச்சல் நீக்காதீர்கள். பார்வையாளருக்கான படியில் மட்டும் மெதுவாகச் செய்யுங்கள். நெய்யின் மூச்சொலியை மென்பொருள் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும்.

பதிவேடு எழுதியது:

ஒப்புதலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. திக்ர் வட்டத்தைப் பதிவுசெய்ய ஷேக் இசைந்தால் மட்டும் போதாது, இணையத்தில் நிரந்தரமாக வைக்கவும் தனியாக இசைவு வேண்டும். முகம் தெரிபவர்களுக்கும் இது பொருந்தும். திரும்பப் பெறும் வழியையும் தாளில் எழுதுங்கள்.

உரிமமும் வேறு, வரலாறும் வேறு. மெட்ரோபாலிட்டன் 2017இலும் ஸ்மித்சோனியன் 2020இலும் ஏராளமான படங்களைச் சிசி0 (உரிமைக் கட்டுப்பாடற்றவை) என்று திறந்துவிட்டன, தாராளமாக எடுக்கலாம். ஆனால் அந்தப் பொருள் அங்கே எப்படிப் போனது என்ற வரி உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும். சூடானின் ஒட்டுத்தையல் ஜிப்பாக்களைப் பாருங்கள். ஃபக்கீர்களின் கந்தல் உடையிலிருந்து வந்து, சூடானியக் கிளர்ச்சித் தலைவர் மஹ்தியின் படையின் சீருடையானவை. பிரிட்டிஷ் தொகுப்புகளில் உள்ளவற்றில் பல 1898 ஓம்துர்மான் போருக்குப் பின் கொள்ளைப் பொருளாகப் போனவை. 'பருத்தி, ஒட்டுத்தையல்' என்று மட்டும் எழுதுவது நேர்மையில்லை.

செனகலில் இதற்கு நேர்மாறான சிக்கல். முரீதிய்யாவை நிறுவிய அமது பம்பாவுக்கு (1853–1927) அறியப்பட்ட ஒரே புகைப்படம் 1913இல் எடுத்தது. வெள்ளை உடை, முகத்தில் நிழல். சுவர், கண்ணாடி ஓவியம், பேருந்து எல்லாவற்றிலும் அந்த ஒரு படம்தான் மறுபடி மறுபடி வருகிறது. மூலப்படம் பழையது, ஆனால் சுவரில் வரைந்தவர் இப்போது வாழும் கலைஞர். அவருடைய பெயரும் அனுமதியும் வேண்டும். 'நாட்டார் கலை, பெயர் தெரியவில்லை' என்று போடுவதற்கு முன் தேடுங்கள். பெரும்பாலும் மூலையில் கையெழுத்தோ தொலைபேசி எண்ணோ இருக்கும். எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள்.

அடுக்கோடு எழுதியது:

தொழில்நுட்பப் பக்கம்.

ஐஐஐஎஃப் (நூலகங்கள் படங்களைப் பகிரும் பொது முறை) முறையில் போங்கள். படங்கள் எங்கே இருந்தாலும் ஒரே பார்வைக்கருவியில் திறக்கும், பிற நூலகங்களின் ஏடுகளையும் உங்கள் ஏட்டோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். 60 பொருளுக்குப் படச் சேவையகம் தேவையில்லை. விப்ஸ் நிரலால் ஓடுகளை (படத்தின் சிறு சதுரத் துண்டுகளை) முன்கூட்டியே வெட்டிச் சாதாரண வலையிடத்தில் வைத்துவிடலாம். மேலே சொன்ன 3150×4724 படம் 512 புள்ளி ஓடுகளில் முழு அளவில் 70, சிறிய அளவுகளையும் சேர்த்து நூறு கோப்பு. 256 என்றால் முழு அளவிலேயே 247. பதிவேற்றம் இழுக்கும், 512 போதும். பொன் ஏட்டின் இரண்டு படங்களை ஒரே கேன்வாஸில் (காட்சிப் பக்கத்தில்) மாற்றுத் தேர்வாக வைக்க ஐஐஐஎஃபிலேயே வசதி உண்டு, மிராடோர் பார்வைக்கருவியில் வேலை செய்யும்.

சுவடியின் திசையை வலமிருந்து இடம் என்று மேனிஃபெஸ்டில் (சுவடியின் விவரக் கோப்பில்) அறிவிக்க மறந்தால், இரட்டைப் பக்கக் காட்சியில் ஏடுகள் இடம் மாறி நிற்கும். ஓவியம் ஒரு பக்கம், அதன் கவிதை எதிர்ப்பக்கம் என்ற அமைப்பு குலையும். முதல் படமாக மேலட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு படம் கூடினாலோ குறைந்தாலோ எல்லா இணைகளும் நழுவும்.

தமிழ் வாக்கியத்துக்குள் பாரசீகம், அரபி வரும்போது புள்ளியும் அடைப்புக்குறியும் தாவும். அந்தச் சொற்களைத் தனித் திசைக் குறியில் அடைத்து, மொழிக் குறியையும் கொடுங்கள். நஸ்தலீக் எனும் பாரசீகச் சாய்வு எழுத்துருவுக்கு வரி உயரம் எழுத்தளவைப் போல் இருமடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் வால் கீழ்வரியில் விழும். அரபுத்தமிழ் சுவடி சேர்த்தால் அதற்கு அரபி என்று குறி போடாதீர்கள். மொழி தமிழ், எழுத்து அரபி என்று இணைத்துக் குறிக்க வழி இருக்கிறது. திரைவாசிப்பானுக்கு அது அவசியம்.

தேடலில் சூஃபி, சூபி, ஸூஃபி, ஸூபி எல்லாம் ஒரே பதிவுக்குப் போகட்டும். மௌலானா, மவ்லானா, மெவ்லானாவும் அப்படியே. காட்டும் எழுத்துக்கூட்டல் ஒன்று, தேடும் வடிவங்கள் பல.

மைக்கூடு எழுதியது:

எழுத்தணிக்கு ஒரு எச்சரிக்கை. பெக்தாஷிப் பலகைகளில் ஒரே சொல்லை நேராகவும் கண்ணாடி போலத் திருப்பியும் எழுதி முகம்பார்க்க வைக்கும் முசன்னா உண்டு. தனி ஏடாக வந்தால் 'படம் திரும்பிவிட்டது' என்று யாராவது திருத்திவிடுவார்கள். கோப்புப் பெயரிலேயே 'திருப்பாதே' என்று சேருங்கள். சிறுபடத்துக்கு எழுத்தின் நடுவில் வெட்டுவதும் கூடாது. பாதி வெட்டிய வசனம் வேறு பொருள் தரும், சில இடங்களில் எதிர்ப்பொருளே தரும். இறைநாமமோ வசனமோ உள்ள படத்தைத் தரைப் பரப்பாகவோ பொத்தானின் பின்னணியாகவோ வைக்காதீர்கள்.

திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையில், பலகையில் எழுதியிருப்பது என்ன என்பது முதலில் வரட்டும், வடிவம் பிறகு. 'சிங்க வடிவ எழுத்து' என்றால் பார்வையற்ற வாசகருக்கு எதுவும் கிடைக்காது. எழுதியுள்ள வாசகம், அதன் பொருள், அலீ இறைவனின் சிங்கம் என்று போற்றப்படுவதால் இந்த வடிவம் என்று சொல்லுங்கள். குறிப்பு 60 முதல் 80 சொல், அதற்குமேல் 'விரிவாக' என்ற மடிப்புக்குள்.

கண்ணாடிப்பேழை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பின்னணி இசையும் முகப்புக் காணொளியும் நீங்கிவிட்டன. முகப்பில் ஒரு கச்கோலின் 3டி மாதிரியை வைக்கலாம் என்று முடிவு. சோதனை மாதிரியில் ஒரு பிரச்சினை: ஓட்டின் உட்புறம் ஓட்டைகளாகவும் கறுப்பாகவும் வருகிறது. கைப்பேசியில் திறக்க அரை நிமிடம் ஆகிறது.

பித்தளைவேர் எழுதியது:

உட்புறம் வராததற்குக் காரணம் வெளிப்புற ஒளி வாய்க்குள் இறங்காததும், விளிம்பைக் கடக்கும் படங்கள் போதாததும். வாயை மேலே பார்த்து வைத்து, விளிம்பும் உட்சுவரும் ஒரே படத்தில் வரும்படி 45, 60, 75 பாகை உயரத்தில் மூன்று வட்டம் எடுங்கள். வட்டத்துக்கு 24 படம். அந்த விளிம்புப் படங்கள்தான் உள்ளையும் வெளியையும் தைக்கும் நூல். விளக்கை லென்சுக்கு அருகே கொண்டு வாருங்கள். வளைய விளக்கு என்றால் அதன் மேல் துருவத் தாளை மறக்காதீர்கள். அதன் பின்னும் அடியில் தரவில்லாத இடம் இருந்தால் மென்பொருள் ஊகித்து நிரப்ப விடாதீர்கள். வெற்றிடத்தைச் சாம்பல் நிறத்தில் விட்டு 'பதிவாகவில்லை' என்று எழுதுங்கள்.

அடுக்கோடு எழுதியது:

அரை நிமிடம் என்றால் மூல மாதிரியையே ஏற்றியிருக்கிறீர்கள். ஒரு லட்சம் முக்கோணமாகக் குறைத்து, செதுக்கின் நுணுக்கத்தை நார்மல் மேப்பில் (மேடுபள்ளத்தை ஒளியால் காட்டும் படப்பரப்பில்) சுட்டு இறக்குங்கள். 2048 அளவில் இரண்டு படப்பரப்பு, டிராக்கோ சுருக்கம், ஜிஎல்பி கோப்பு 5 முதல் 8 எம்பிக்குள் நிற்கும். பக்கம் திறந்ததும் நிலைப்படம் மட்டும் காட்டி, தொட்ட பிறகு மாதிரி இறங்கட்டும். அளவுகோலை மாதிரியிலேயே மீட்டரில் பொருத்திவிடுங்கள். அலகு தவறினால் 30 செ.மீ. பாத்திரம் மிகை மெய்மை (ஏஆர்) காட்சியில் அறை முழுக்க நிற்கும்.